பெட்டி ஆடும் நாட்கள்

எனக்குக் கோபம் வரும் என்பதை நான் மறைத்ததே இல்லை. மறைக்க முடிந்தால்தானே! துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கப்பலில் அடுக்கியிருக்கும் கண்டெய்னர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரியில் இறக்குவது என் வேலை. பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்கு அடியிலும் கண்ணாடி. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் திட்டாத ஆள் கிடையாது. லாரியைக் கோணலாக நிறுத்தினவனுக்கு ஒரு திட்டு, காற்று அடித்தால் காற்றுக்கும் ஒன்று. அவ்வளவு உயரத்திலிருந்து திட்டினால் யார் காதிலும் விழாது, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் இருபத்திரண்டு வருஷமும் நினைத்திருந்தேன்.

வருஷத்துக்கு ஒருதரம் எங்களுக்கு உடம்புப் பரிசோதனை உண்டு. போன வருஷம் என் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்த டாக்டரம்மா, இன்னொரு தரம் கட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த கையில் கட்டினார். பக்கத்து நாசரேத் ஊர்க்காரர், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார்.

“அண்ணாச்சி, பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு. இப்படியே உங்கள மேல ஏத்தி விட எனக்கு மனசு வரல.”

மூன்று வாரம் மாத்திரை சாப்பிடவேண்டும், அதுவரை தரையில் வேலை. அப்புறம் மறுபடி பார்ப்பார். அப்போதும் இறங்கவில்லை என்றால் கிரேனை மறந்துவிடவேண்டியதுதான். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் என் பயம் எப்போதும் கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். “மொதல்ல உங்க மிஷின் ஒழுங்கா இருக்கான்னு பாருங்க” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அதன் வயரை லேப்டாப்பில் செருகினார். திரையில் ஒரு கோடு ஓடியது. நெஞ்சு ஒரே வேகத்தில் துடிப்பதில்லையாம். மூச்சை இழுக்கும்போது வேகம் கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மெதுவாக மூச்சுவிட்டு மனசும் அமைதியாக இருந்தால் அந்தக் கோடு வளைவு வளைவாக அலைபோலப் போகும் என்றார். என்னுடையது ரம்பத்துப் பல்லாக இருந்தது.

“மூச்ச மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க, பாப்போம்.”

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீட்டு ஆட்கள் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர்கள். எங்கள் தெருவில் மூச்சு என்றால் அடக்குவதற்கு என்றுதான் அர்த்தம். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருக்கிறான் என்பதில்தான் எங்கள் மானமே இருந்தது. டாக்டரம்மா மூச்சு என்று சொன்னதும் நான் நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பார்க்கட்டும் நம்ம திறமையை என்று ஒரு நினைப்பு. முகம் கறுத்து, கண் பிதுங்கி, திரையில் கோடு தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, உங்கள யாரும் முத்துக் குளிக்கச் சொல்லல. விடுங்க” என்றார் அவர்.

அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மனசுக்குள் ஐந்து எண்ணி இழுக்கவேண்டும், ஐந்து எண்ணி விடவேண்டும். நெஞ்சு வழியாகவே மூச்சு போய்வருவதாக நினைத்துக்கொள்ளவேண்டும். அது நிதானப்பட்டதும், நாம் நன்றியாக நினைக்கிற ஒரு ஆளையோ ஒரு நேரத்தையோ மனசுக்குக் கொண்டுவரவேண்டும். நினைத்தால் மட்டும் போதாது, அந்தச் சந்தோஷம் நெஞ்சில் தட்டவேண்டுமாம். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். “மாத்திரையையும் விட்டுராதீங்க. இது அதோட கூடச் செய்யுறது” என்று இரண்டு தரம் சொன்னார்.

மூச்சு இரண்டு நாளில் பழகிவிட்டது. சந்தோஷம்தான் பிடிகொடுக்கவில்லை. அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடி, என் கல்யாண நாளை நினைத்தேன். பந்தியில் கறி குறைந்துவிட்டது என்று எழுந்துபோன சித்தப்பா வந்து நின்றார். மகள் பிறந்த நாளை நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை உள்ளே விடாத வாட்ச்மேன்தான் வந்தான். இரண்டு பேரையும் கண்ணை மூடியபடியே திட்டினேன் போலிருக்கிறது. பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

“சந்தோஷத்த நினைக்கச் சொன்னா, செத்துப்போன பழைய சண்டைக்கெல்லாம் வருஷப் பூசை வச்சுக்கிட்டு இருக்கீங்களே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கலக்கமாகவும் இருந்தது. ஐம்பத்தொரு வயதில், கோபம் ஒட்டாத ஒரு நல்ல நாள்கூடவா என்னிடம் இல்லை?

தரை வேலையில் என்னை லாக் கழற்றுகிற ஆட்களோடு போட்டார்கள். கப்பலில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று நகராமல் இருக்க மூலைக்கு மூலை இரும்பு லாக் மாட்டியிருக்கும். லாரியில் வைப்பதற்கு முன்னால் பெட்டி இடுப்பு உயரத்துக்கு இறங்கி அந்தரத்தில் நிற்கும்போது, நாலு பேர் நாலு மூலைக்கும் போய், அடியில் கையைவிட்டு அதைத் திருகி எடுப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் என் தெருக்காரன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. ஒன்றாகத்தான் வேலைக்கு வந்தோம். அவனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, கீழேயே இருந்துவிட்டான். இத்தனை வருஷத்தில் எங்கள் பேச்சு வாக்கிடாக்கியில் “இறக்கு”, “நிறுத்து” என்பதோடு சரி. கோயில் திருவிழாவில் கண்டால் ஒரு சிரிப்பு.

கீழே நின்று பார்த்த பிறகுதான் பெட்டி என்பது என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஒரு வீடே தலைக்கு மேலே இறங்கி வருகிறது. முதல் பெட்டி அலுங்காமல் வந்தது, கழற்றினோம். அடுத்தது லேசாக ஆடிக்கொண்டு வந்தது. நான் காலெடுத்து வைத்தபோது அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“ஆடுற பெட்டிகிட்ட போவாதலே.”

“காத்துக்கு ஆடுது.”

“காத்துக்கும் ஆடும். ஓட்டுற ஆளுக்குத் தக்கனயும் ஆடும்.”

எனக்குச் சுருக்கென்றது. “என் பெட்டி எப்படி வரும்?” என்று கேட்டேன்.

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். “சொன்னா கோவிப்ப.”

“கோவிக்கல, சொல்லுலே.”

“நீ வீட்ல சண்ட போட்டுட்டு வந்தா மொத பெட்டியிலயே எங்களுக்குத் தெரிஞ்சுரும்லா. அன்னைக்கு எல்லாரும் ரெண்டடி தள்ளியே நிப்போம். புதுசா வாரவனுக்கு மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுக்கோம்.”

அவன் குறையாகச் சொல்லவில்லை, மழை வந்தால் ஒதுங்கி நிற்போம் என்பதுபோலத்தான் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தும் இருந்தன. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மேலே யாருக்கும் கேட்காமல் நான் போட்ட கூச்சலெல்லாம் இவர்களுக்குப் பெட்டி வழியாகக் கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து எண்ணி இழுத்தேன், ஐந்து எண்ணி விட்டேன். நான் எதையும் தேடவில்லை. தானாக வந்தது. எனக்கும் கூட்டாளிக்கும் பன்னிரண்டு வயதிருக்கும். கடலுக்குள் மூச்சடக்கும் போட்டி. அவன் முதலில் மேலே போய்விட்டான். நான் ஜெயித்தும் வெளியே வராமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்தேன். கண் இருட்டியது. அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தது. தோற்று மேலே போனவன் என்னைத் தேடி மறுபடி இறங்கியிருந்தான். தலை வெளியே வந்ததும் நான் விட்ட அந்த மூச்சு! வெயில் முகத்தில் அடித்தது. அவன் என் மணிக்கட்டை விடவே இல்லை.

அந்தப் போட்டியில் ஜெயித்தது நான்தான் என்று வேலைக்கு வருமுன் எத்தனையோ வருஷம் அவனிடம் சொல்லிக்காட்டியிருக்கிறேன். இழுத்துப் போட்டது அவன் என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. கண்ணைத் திறந்தபோது என் மனைவி இறால் சட்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இன்னைக்கு யாரையும் திட்டலியே” என்றாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா பட்டையைக் கட்டினார். இறங்கியிருந்தது. கிளிப்பை மாட்டியபோது கோடு நிதானமாக வளைந்து வளைந்து போனது. மாத்திரை எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்று கேட்டேன். இரண்டையும் விடாதீங்க என்பதுதான் பதில். என்னை மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டார்.

நான் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. மேலே ஏறிய முதல் நாள் காலையிலேயே தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்று வீட்டில் பெரிய சண்டை. லிஃப்டில் ஏறும்போதே காது சூடாக இருந்தது. கூண்டில் உட்கார்ந்து முதல் பெட்டியைக் கவ்விக்கொண்டேன். தூக்கவில்லை. ஐந்து எண்ணி இழுத்தேன், ஐந்து எண்ணி விட்டேன். மணிக்கட்டில் அந்தப் பிடி வரும்வரைக்கும் காத்திருந்தேன்.

வாக்கிடாக்கியில் கூட்டாளியின் குரல் கரகரத்தது. “என்னலே, நின்னுட்ட?”

“ஒண்ணுமில்ல. மூச்சு விடுதேன்.”

பிறகுதான் தூக்கினேன். காலுக்கடியில் கண்ணாடி வழியாக மஞ்சள் ஹெல்மெட் நாலும் தெரிந்தன. நான் தாமதித்ததை வைத்தே வீட்டில் சண்டை என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்று பேர் வழக்கம்போல இரண்டடி தள்ளிப்போனார்கள். அவன் நகரவில்லை. அண்ணாந்து என் கூண்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெட்டி இடுப்பு உயரத்தில் அசையாமல் நின்றதும், குனிந்து மூலைக்கடியில் கையைவிட்டான்.