துரைபாபு கட்டிலில்தான் போனார்

துரைபாபு போய்விட்டார். இன்று விடியற்காலையில், பாலவாக்கம் வீட்டில், தூக்கத்தில்.

சிட்னியில் இருக்கும் மகள் லலிதாவுக்கு நான்தான் போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆன்ட்டி... கார்லயா?"

"இல்லம்மா. கட்டில்ல. போர்வைகூடக் கலையல."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. அப்புறம்தான் அழுதாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துரைபாபுவும் என் கணவர் ஜெயராஜும் ஒரே பந்தயக் காரை ஓட்டியவர்கள். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில். மணிக்கணக்கில் நடக்கும் என்ட்யூரன்ஸ் ரேஸில் ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் களைத்ததும் இறங்குவார், மற்றவர் ஏறுவார்.

காலையிலிருந்து ஃபேஸ்புக்கில் சிலர் அவரை "சாம்பியன்" என்று எழுதுகிறார்கள். அவர் எந்த சாம்பியன்ஷிப்பும் ஜெயித்ததில்லை. படித்தால் அவருக்குப் பிடித்திருக்கும்... ஆனாலும் பொய் வேண்டாம்.

அவரைச் சீட்டிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. தடத்தின் ஓரம் கார் வந்து நிற்கும் பிட்டில் போர்டு பிடிப்பது என் வேலை. IN என்று காட்டினால் உள்ளே வரவேண்டும். அவர் கையை ஆட்டிவிட்டு இன்னொரு சுற்று போவார். ஜெயராஜ் ஹெல்மெட்டோடு வெயிலில் காய்ந்துகொண்டு நிற்பார்.

"எழுத்து தெரியல அண்ணி" என்பார் கடைசியில் வந்து நின்று.

"எழுதினதே ரெண்டு எழுத்து, துரைபாபு."

"மதர் சுப்பீரியர் கோவமா கீறாங்க, நைனா!" என்று ஜெயராஜிடம் கண்ணடிப்பார். நான் கான்வென்டில் படித்தவள் என்பதால் எனக்கு அந்தப் பட்டம்.

ஆனால் கேலி அதோடு சரி. இறங்குவார், ஜெயராஜ் ஏறுவார். உடனே தலையை உள்ளே விட்டு ஜெயராஜின் பெல்ட்டை மாட்டி, வாரை இழுத்து இறுக்கி, தோளில் ஒரு தட்டு. இறங்குகிறவன்தான் ஏறுகிறவனுக்குப் பெல்ட் மாட்டவேண்டும். அது அவர்கள் வழக்கம்.

ஒருமுறை கியர்பாக்ஸை யார் கெடுத்தது என்று இருவருக்கும் பெரிய சண்டை. முகம் பார்க்கவில்லை. அன்றும் பெல்ட் மாட்டினார். தோளில் தட்டு மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது.

அந்த நாட்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஜெயராஜ் பிற்பாடு ஆஸ்பத்திரியில், என் கையைப் பிடித்தபடி போனார். இனி அந்தப் பயம் எனக்கில்லை என்று நினைத்தேன்.

இருந்தது. எண்பதைத் தாண்டிய துரைபாபு ECR கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணில் பிரஷர். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் என்னிடம், "நேரா தெரியுது இல்ல அண்ணி? சைடுல பார்த்துகினு எவன் ரேஸ் ஜெயிச்சான்?"

லலிதா ஊருக்கு வந்தபோது சாவியை எடுத்து ஒளித்துவைத்தாள். பாண்டி பஜாரில் டூப்ளிகேட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

போன வருடம் பட்டினப்பாக்கத்தில் ஒரு மீன் கடையின் குடையைச் சாய்த்துவிட்டார். அந்த அம்மா, "யோவ் பெருசு, கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கத்தினாராம். என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடை இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகப் பாலவாக்கம் போனேன். என் காரை ஓட்டும் ஸ்டெல்லாவும் கூட வந்தாள். அவர் தி. நகர் கிளம்பத் தயாராக, கேட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த புத்திமதி எதுவும் வாயில் வரவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"துரைபாபு, டிரைவர் சேஞ்ச். இறங்குங்க."

என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

எஞ்சினை அணைத்தார். இறங்கினார்.

ஸ்டெல்லா ஏறினாள். நான் கதவைச் சாத்தப் போனேன். அவர் என்னை விலக்கி, தலையை உள்ளே விட்டு, அவளுக்குப் பெல்ட் மாட்டி, வாரை இழுத்தார் பாருங்கள்...

"சார்! மூச்சு வுட வாணாமா?" என்று ஸ்டெல்லா அலறினாள்.

அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தார். நான் போய்க் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வெளியே போக வேண்டிய நாளில் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவார். ஆனால் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் "கியரு! கியரு மாத்தும்மா!"

"ரேஸ் ஓட்னது நீ சார், லைசென்ஸ் வச்சிகினு கீறது நானு. கம்முனு குந்து" என்பாள் அவள். அவருக்கு அவளை மிகவும் பிடிக்கும். இன்று காலை ஓவென்று அழுதது அவள்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. தவறாக நினைக்காதீர்கள். யாரையும் இடிக்காமல், அந்தக் குடையைத் தவிர எதன்மேலும் மோதாமல், இத்தனை வயது வாழ்ந்து, வீட்டில் தூங்கிப் போயிருக்கிறார். காலையிலிருந்து மனதுக்குள் நன்றிதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போய் வாருங்கள், துரைபாபு. ஜெயராஜைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லலிதா நாளை இரவு வந்து சேருகிறாள். மறுநாள் காலை பாலவாக்கம் வீட்டிலிருந்து எடுக்கிறோம். கார் ரேஸ் கிளப் பையன்கள் மரியாதை என்று சொல்லி வாசலில் எஞ்சினை உறுமவிட வேண்டாம். ECR-இல் யாரும் பறந்துகொண்டு வரவும் வேண்டாம்.

மெதுவாகவே வாருங்கள். அவர் இனி எங்கேயும் கிளம்ப மாட்டார்.