மங்களம் இல்லாத கச்சேரி

நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த புதிது. காஜா பெராங் வட்டாரத்தில் என் அண்ணன் ரேடியோ பழுதுபார்ப்பான். பழுதுபார்ப்பதைத் தவிர மற்றதெல்லாம் செய்வான் என்பதே சரி. கீறல் விழுந்த இசைத்தட்டு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாட, அதன்மேல் இரண்டு ரேடியோக்களைத் திருகித் திருகி ஊளையிட வைப்பான். அதற்குக் கச்சேரி என்று பெயர் வேறு!

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா மாட்டிக்கொண்டார். மங்களம் பாடுவதற்குள் எழுந்துபோனால் மரியாதையில்லை என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அண்ணனின் சங்கீதத்துக்கோ முடிவே கிடையாது. அக்கா வீட்டு அடுப்பில் சோறு தீயும் வாடை வந்தது. வேறு வழியில்லாமல் அவரே கண்ணை மூடிக்கொண்டு மங்களம் பாட ஆரம்பித்தார்.

"அக்காவும் சேந்துட்டாங்க லா!" என்று பூரித்துப்போன அண்ணன், மூன்றாவது ரேடியோவையும் திருகினான்.