உருகிப்போன தென்துருவக் கடல்

தீபாவளி விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன அன்று, கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. மூலையில் நிற்கும் ஃபிரீசர் எந்நேரமும் லோரி மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். அன்று கம்மென்று கிடந்தது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கூரை ஒழுகலைச் சரிபண்ண வந்த ஆட்கள் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் துளைபோடும் மெஷினைச் செருகியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஃபிரீசர் பிளக் தரையில் கிடந்தது.

உள்ளே கையை விட்டேன். கடல்தண்ணீரை வடிகட்டி, அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்த வடிதாள்கள் எல்லாம் ஈரத் துணி போல ஒட்டிக்கொண்டு வந்தன. தென்துருவக் கரையோரக் கடலில் நானே வடித்து எடுத்தவை.

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். முதலாளிகள் தோட்டத்தை விற்றபிறகு டவுனில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒப்பந்த வேலைதான். துருவப் பயணத்தில் ஓர் இடம் காலி என்றதும் எங்கள் குழுத் தலைவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். அவரும் தோட்டத்திலிருந்து படித்து டாக்டர் பட்டம் வாங்கிய நம்ம ஆள். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் எரிகிறது.

தென்துருவத்தில் கோடைகாலத்தில் பனியாறு உருகிக் கடலில் இறங்கும். அந்த நன்னீர் மேலாக மிதந்து நிற்க, வெயிலும் சேர, கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். கடலே நிறம் மாறிவிடும். அந்தப் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமிலவாயுவை இழுத்துத்தான் வளர்கிறது. அதைப் பொடி இறால்கள் தின்னும், இறாலைப் பெங்குவின் தின்னும். தின்னாமல் மிஞ்சிய பாசி செத்து அடியில் இறங்கும்போது, அது இழுத்த கரிமத்தில் கொஞ்சம் கடலடிச் சேற்றில் புதைந்துபோகும். எவ்வளவு இழுக்கிறது, இழுப்பது எந்தப் பாசி என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

ரப்பர் படகில் போய்த் தண்ணீர் மொண்டு வருவோம். நான் கப்பலில் நின்றபடி வடிப்பேன். கப்பல் ஆடும்; வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் வடிப்பேன். விரல் நுனியில் தோல் வெடித்து ரத்தம் வந்தது. ஒருநாள் பனியாற்று முகப்பில் எடுத்த தண்ணீரை வடித்தபோது, வெள்ளைத் தாள் பண்டான் இலைச் சாற்றில் தோய்த்ததுபோலப் பழுப்புப் பச்சையாக மாறியது. அப்படி ஒரு அடர்த்தியை நான் பார்த்ததே இல்லை. குளிர் மறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தத் தாளும் உருகியவற்றோடுதான் கிடந்தது. பாசி எவ்வளவு என்று காட்டுவது அதன் பச்சையம்தான்; உருகினால் அது சிதைந்துவிடும். அளந்தாலும் பொய்தான் வரும்.

தலைவர் வந்து பார்த்தார். "சரி விடும்மா, நடந்தது நடந்துபோச்சு லா" என்றார்.

"யாரு டாக்டர் அவங்கள உள்ள விட்டது?"

"கட்டடப் பிரிவு. அவங்ககிட்ட சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?"

கட்டடப் பிரிவுக்கு நானே போனேன். அங்கே இருந்தவர் கூரை வேலை எடுத்த குத்தகைக்காரரைக் காட்டினார். குத்தகைக்காரர் போனில், பிளக் மேல் எச்சரிக்கை எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்றார். ஒட்டியிருந்தது. நான்தான் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அது பிளக்கோடு சேர்ந்து தரையில்தான் கிடந்தது. யாரும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் உருகின மாதிரி பேசினார்கள்.

கரிமம் அளப்பதற்கென்று பாதரச உப்புப் போட்டு மூடிய போத்தல்கள் தனி அலமாரியில் இருந்தன. அவற்றுக்கு உறையவைக்கும் குளிர் வேண்டாம், பிழைத்துக்கொண்டன. ஆக, பனியாற்று முகப்பில் கரிமம் எவ்வளவு குறைந்தது என்று எங்களால் சொல்ல முடியும். அதைத் தின்றது எந்தப் பாசி, எவ்வளவு பாசி என்று சொல்ல முடியாது. பாதிக் கதை.

அந்தப் பாதியைத்தான் தலைவர் நிரப்பப் பார்த்தார். அறிக்கை வரைவைத் திறந்தபோது, உருகிய இடங்களுக்கெல்லாம் பச்சைய எண்கள் இருந்தன.

"இது எங்கேருந்து டாக்டர்?"

"பக்கத்துக் கடல்ல வேற குழு எடுத்தது இருக்கு. நம்ம கரிமக் குறைவ வச்சுக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய சரியாத்தான் இருக்கும்."

"கணக்குப் போட்டதுன்னு எழுதலையே. அளந்ததுன்னு இருக்கு."

"நீங்க ஒப்பந்தத்துல இருக்கீங்க. அத மறந்துடாதீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் கொட்டினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எங்கேயோ ஐஸ் கடல்ல இருக்கிற பாசி. அதுக்காக இருக்கிற வேலைய விடப்போறியா?" என்றாள். அவள்மேலும் கோபம் வந்தது. பெரிய அலை வரும்போதெல்லாம் கடலோரத்துப் பாகான் நக்கோடா ஓமாரில் அவள் நாத்தனார் வீட்டுக்குள் உப்புத்தண்ணீர் ஏறுகிறது. நாற்காலியைக் கட்டில்மேல் தூக்கி வைக்க இவள்தான் ஓடுகிறாள். துருவத்தில் உருகுகிற ஐஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கு என்றேன். "இருக்கட்டும். நீ பொய் சொல்லலைன்னா தண்ணி இறங்கிடுமா?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

துறைக் கூட்டத்தில் தலைவர் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டார். நான் எழுந்தேன். "பனியாற்று முகப்புல இருக்கிற பச்சைய எண்கள் எதுவும் அளந்தது இல்ல. தாள்கள் உருகிப்போச்சு. அந்த ஃபிரீசரத் திறந்தவ நான்" என்று ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, சொன்னேன். ஒருவர் தலைவரிடம், "உண்மையா?" என்று கேட்டார். "வரைவுதானே, திருத்திடலாம்" என்றார் அவர்.

திருத்தினார்கள். வெளியான கட்டுரையில் அந்த இடங்களில் எண் இல்லாத வெறும் வட்டங்கள் இருக்கின்றன. மாதிரிகள் சிதைந்தன என்று கீழே ஒரு வரி. வடித்தவள் பெயர் எங்கும் இல்லை, நன்றி சொல்லும் பத்தியிலும் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் சொல்லவும் இல்லை.

இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் சிலசமயம் அந்தக் கட்டுரையைப் போனில் திறந்து பார்ப்பேன். பொய் எண் இல்லை என்பதில் திருப்திதான். ஆனால் ஆறுதல் இல்லை. அந்தக் கோடையில் அந்தப் பனியாற்று முகப்பில் அவ்வளவு பாசி பூத்தது. என் கண்ணால் பார்த்தேன். அதே தண்ணீரை இனி யாராலும் மொண்டு வர முடியாது.