மிராசுதார் மகன்

திருவாரூரில் ஒரு கல்லூரியில் காதல் நாவல் வாசகர்களும் ஆய்வாளர்களும் கூடி, அவரவர் நாவல் படிக்கத் தொடங்கிய கதையைச் சொன்னோம். என் முறை வந்தது.

அப்போது நான் ஏழாவது படித்தேன். ஆட்சி மாறியும் கூலி மாறவில்லை என்று எங்கள் தெருவே வேலைக்குப் போகாமல் இருந்தது. சும்மா இருந்த நடவுப் பெண்களுக்கு நான்தான் ஒரு மாத நாவலை உரக்கப் படித்தேன். கதாநாயகன் மிராசுதார் மகன். மிராசுதார் என்ற வார்த்தையை நாங்கள் கோஷத்தில்தான் கேட்டிருந்தோம். அதனால் அவன் எந்தப் பக்கத்தில் அடி வாங்குவான் என்று காத்திருந்தோம். அவனோ ஒரு டீச்சரைக் காதலித்துக் கல்யாணமே பண்ணிக்கொண்டான். எல்லாரும் அழுதோம், சந்தோஷத்தில்!

"எதிர்ப்பு வாசிப்பு" என்று, அதாவது கதைக்கு எதிராக நின்று படித்தோம் என்று, குறித்துக்கொண்டார் ஒரு பேராசிரியர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எதிர்ப்பாவது மண்ணாவது! நாங்கள் யார் பக்கம் இருந்தோம் என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அந்த நாவலைப் படித்து முடித்த அன்று சாயங்காலமே ஊர்வலம். "மிராசுதார் ஒழிக" என்று கத்திக்கொண்டு வந்த அம்மா, சட்டென்று நிறுத்தி என் காதில் கேட்டாள்: "அப்பனைத்தானே சொல்றோம்? அந்தப் புள்ளைய இல்லியே?"