பின்வாசல் கேமராவில் வெள்ளை வேட்டி

கேமரா மாட்டிப் பிழைப்பவன், அடுத்தவர் வீட்டு ராத்திரியைப் பகலில் உட்கார்ந்து பார்க்கிறவன். உங்கள் வாசலிலும் ஒரு கேமரா இருந்தால், இருட்டு நேரத்துப் பதிவை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்து முதுகு சில்லிட்டிருப்பீர்கள். ஆகையால் நீங்களும் நானும் ஒரே கஷ்டம் பட்டவர்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கேமராவின் கண்ணைச் சுற்றிப் பொடிப் பொடியாக விளக்குகள் இருக்கும். இருட்டியதும் அவை எரியும். அந்த ஒளி நமக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும். அந்த ஒளியில் எடுத்த படத்தில் நிறம் இருக்காது. எல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான். அந்தக் கறுப்பு வெள்ளையை நம்பி ஒரு மனிதரின் வேலை போக இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். என்னோடு ஏணி பிடிக்க வரும் முத்துக்குட்டியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயது. மின்சாரத்துக்குப் பயப்பட மாட்டார். மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

பாங்கு சொன்னதும் அணையும் கேமரா

மேலப்பாளையத்தில் ஒரு உம்மா தனியாக இருக்கிறார். மகன் துபாயிலிருந்து போனில் வாசலைப் பார்த்துக்கொள்கிறான். பகலில் படம் பளிச்சென்று இருக்கும். அந்தி மயங்கி மகரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுபோகும். ஒரு நிமிடம் வரும், மறுபடி போகும். விடியும்வரை இப்படியே. "உம்மா வாசல்ல யாரோ நின்னு கேமராவ மூடி மூடித் திறக்குதாங்க" என்று மகன் அங்கிருந்து அழாத குறை. இதைக் கேட்ட முத்துக்குட்டி ஏணியோடு தெருவிலேயே நின்றுவிட்டார்.

யாரும் மூடவில்லை. கேமராவுக்கு மின்சாரம் தரும் அடாப்டர் பழையது. மாடியிலிருந்து வாசல்வரை நீளமான மெல்லிய வயர். பகலுக்கு அது போதும். இருட்டியதும் விளக்குகளும் எரிய வேண்டுமே? மின்சாரம் பற்றாமல் கேமரா அணையும். அணைந்ததும் விளக்குப் பாரம் குறையும், கேமரா விழிக்கும், விளக்கைப் போடும், மறுபடி அணையும். அடாப்டரையும் வயரையும் மாற்றினேன். அன்று பாங்கு சொன்ன பிறகும் படம் நின்றது. உம்மாவின் முகம்தான் இருண்டுவிட்டது. பைய என் பக்கத்தில் வந்து சொன்னார்: "தம்பி, எனக்குச் சுகர்னு அவனுக்குத் தெரியும். ராத்திரி வாசல்ல உக்காந்து ரெண்டு சீனி மிட்டாய் திங்கணும்னா இனி நான் எங்கன போவேன்?"

புன்னக்காயலில் முடி விரித்து ஆடியது

அந்தோணி அண்ணன் படகுக்காரர். ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு. அவர் அனுப்பிய படத்தை நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நீள நீளமாக வெள்ளை முடி கேமராவுக்கு முன்னால் தொங்கி ஆடியது. நடுநடுவே பெரிய விரல்கள் போல ஏதோ ஒன்று திரையைக் கடந்துபோனது.

போய்ப் பார்த்தால் சிலந்தி. கேமராவைச் சுற்றி வரும் பூச்சிக்காக வலை கட்டியிருந்தது. கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற நூல், விளக்கு பட்டால் கயிறுபோலத் தெரியும். போதாததற்குக் கடல் காற்றின் உப்பு கண்ணாடியில் படிந்து எல்லாவற்றையும் மூட்டமாக்கியிருந்தது. துடைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் மறுபடி போன்: இப்போது முடி இல்லை, உருண்டை உருண்டையாக ஏதோ ஆடுகிறது. திரும்பப் போனேன். பேயைத் தடுக்கட்டும் என்று அண்ணன் கேமராவின் தலையில் செபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். அதன் மணிகள்தான் ஆடின. எடுத்துவிடுங்கள் என்றேன். மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துருதேன் தம்பி. எடுத்த பொறவு அது திரும்பி வந்துச்சுன்னா, நீருதான் வந்து துடைக்கணும்."

முகமில்லாத ஆள்

பாபநாசத்தில் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்து வீடு. வீட்டுக்காரர் பரமசிவம் அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். வீட்டின் பின்வாசல் கதவைத் திறந்தால் ஒற்றையடிப் பாதை. அது நேரே ஆற்றுக்குப் போகும். கார்த்திகை பிறந்ததிலிருந்து அந்தக் கதவு விடியும்போது திறந்து கிடந்தது. அந்த வழியாகக் காட்டுப்பன்றிகள் புகுந்து மரச்சீனிக் கிழங்கையெல்லாம் கிண்டிப் போட்டுவிட்டன. கதவின் கொண்டி உள்பக்கம் இருந்தது. வெளியாள் திறக்க முடியாது. உள்ளே இருப்பவர்கள் மூன்றே பேர்: அண்ணாச்சி, அவர் மனைவி கோமதி அம்மாள், இருபது வருடமாக அங்கேயே தங்கிக் காவல் பார்க்கும் சுடலை. சுடலைக்கு இருப்பது இரண்டு வேட்டி, இரண்டும் வெள்ளை. அவர்தான் கதவைத் திறந்துபோட்டுவிட்டு எங்கோ குடிக்கப் போகிறார் என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். மாலை போட்டு விரதமிருக்கும்போது இப்படிக் கோபப்படலாமா என்று கோமதி அம்மாள் சொல்லியும் அவர் அடங்கவில்லை.

யாரையோ வைத்துப் பின்வாசலில் ஒரு கேமராவும் மாட்டினார். விடிகாலை நாலு மணிக்கு ஓர் உருவம் வந்தது. வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். அவசரமே இல்லாமல் நடந்து வந்து கொண்டியை நீக்கி வெளியே போனது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. கதவைச் சாத்தவில்லை. கேமராவுக்குக் கீழே வந்ததும் நின்று, தலையை நிமிர்த்திப் பார்த்தது. பார்ப்பதற்கு அதற்குக் கண் இல்லை.

அண்ணாச்சி என்னை வரச் சொன்னது இதற்குத்தான். "முகம் தெரியுத மாதிரி பண்ணித் தாரும். அது இவன்தான்னு தெரிஞ்சிட்டா அன்னைக்கே பொட்டியக் கட்டிருவான்." சுடலை ஓரமாக நின்று திரையைப் பார்த்தார். அவருக்கு முகம் தேவைப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நான் இல்ல முதலாளி. அந்த நடை செத்துப்போன பெரிய முதலாளி நடை. உங்க அப்பாதான் தினமும் நாலு மணிக்கு அந்தக் கதவத் திறந்து ஆத்துக்குக் குளிக்கப் போவாக."

முத்துக்குட்டி நடந்து காட்டியது

முகம் வெளுத்துப்போவதற்குப் பேய் வேண்டியதில்லை. டார்ச்சை ஒருவர் முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் மூக்கும் கண்ணும் தெரியாமல் போகும் அல்லவா? அதேதான். கேமரா கதவுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. பக்கத்துச் சுவரின் சுண்ணாம்பும் ஒளியைத் திருப்பியடித்தது. கேமராவைத் தள்ளி மாட்டினேன். விளக்கைக் குறைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். அந்தப் பக்கம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். ஆறரைக்கெல்லாம் நல்ல இருட்டு. முத்துக்குட்டியைக் கதவுவரை நடந்து வரச் சொல்லிவிட்டு, நானும் அண்ணாச்சியும் சுடலையும் உள்ளே திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

முத்துக்குட்டியும் அந்த மாதம் மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு. திரையில் வந்தவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக வந்தார். ஒரு கணம் எனக்கே புரியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. சில துணிகளின் கறுப்புச் சாயம் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. கேமராவின் ஒளியை அது விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். எல்லாக் கறுப்பும் அப்படியில்லை, ஆனால் உண்டு. "அண்ணாச்சி, கதவத் திறந்த ஆளு கட்டியிருந்தது வெள்ளைதான்னு இனி நாம சொல்ல முடியாது. முகம் வரட்டும்" என்றேன். சுடலை அன்று முதல் தடவையாக உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தார்.

உள்ளே வந்து பதிவைப் பார்த்த முத்துக்குட்டி வேட்டியைக் குனிந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். "அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆயிரலல்லா?"

முகம்

இரண்டு நாள் கழித்துக் காலையில் கோமதி அம்மாள் போன் செய்தார். "கதவு திறந்து கெடக்கு தம்பி. பதிவ நாங்க இன்னும் பாக்கல. நீங்க வந்து போடுங்க. எங்களுக்குத் தைரியமில்ல."

போனபோது முன்வாசலில் ஒரு தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் சுடலையே கட்டிவிட்டார். எல்லோரும் திரைக்கு முன்னால் நின்றோம். நாலு மணி கடந்து சில நிமிடங்களில் அந்த உருவம் வந்தது. இந்தத் தடவை முகம் இருந்தது. தாடி தெரிந்தது. கழுத்தில் துளசி மாலையின் மணிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. கண்கள் அகலத் திறந்து, பூனைக் கண்போல வெள்ளையாக மின்னின. அப்படி மின்னுவது விளக்கின் வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓரடி பின்னால் வந்துவிட்டேன். முகம் பரமசிவம் அண்ணாச்சியுடையது.

விரதக் கறுப்பு வேட்டியோடு அவர் தூக்கத்தில் நடந்திருக்கிறார். அப்பா திறந்த கதவைத் திறந்து, அப்பா போன வழியில், அப்பாவின் நடையிலேயே. கோமதி அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். "விரதம்னு இவுக முன்னறையில தனியாப் பாய்ல படுத்தாவ. காலையில காலெல்லாம் சேறு. செருப்புப் போடாத விரதம்லா, சேறு இருக்கத்தான் செய்யும்னு நானும் விட்டுட்டேன்." பாதை முடிகிற இடத்தில் ஆறு. அந்த வாரம் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். படித்துறையில் மேல் படி ஒன்றுதான் வெளியே தெரிந்தது. திரையில் இருந்தவர் நின்று நிமிர்ந்து பார்த்தார். திரைக்கு முன்னால் நின்ற அண்ணாச்சியும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அண்ணாச்சி முன்வாசலுக்குப் போனார். தகரப் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து சுடலையின் அறையில் வைத்தார். "நான் உன்னச் சொன்னதெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் குனிந்து பெட்டியின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். டாக்டரைப் பார்ப்பது, கதவுக்கு இன்றே பூட்டுப் போடுவது என்று நாங்கள்தான் முடிவு செய்தோம். சுடலை தன் கட்டிலைத் தூக்கிப் பின்வாசலில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பூட்டெல்லாம் எதுக்கு முதலாளி? நாலு மணிக்கு நீங்க வந்தா கையப் பிடிச்சு பைய கூட்டிட்டு வந்து படுக்க வச்சிருதேன். பெரிய முதலாளி வந்தா மட்டும் உங்கள எழுப்புதேன்."

இத்தனை வருடத்தில் நான் சரிசெய்த கேமராக்களில் ஒன்றில்கூடப் பேய் வந்ததில்லை, பாபநாசத்தில் வந்தவரும் வீட்டுக்காரர்தான், அவரைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகமாகப் பயந்தார்கள்.