மூன்று அடி

ஈப்போவில் எங்கள் மகளிர் சங்கத்தின் பொன்விழா. ரப்பர் தோட்டத்தை விற்று எங்களை ஊர் ஊராகக் கலைத்த பிறகும், சுதந்திர மாதத்தில் தேசியக்கொடி தைத்துக் கட்டுவதை நாங்கள் விட்டதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, எல்லாரையும் கூப்பிட அடித்த தண்டவாளத் துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அதை அடித்துத்தான் சிறப்பு விருந்தினர் விழாவைத் தொடங்க வேண்டும். ஒரே அடிதான் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த மனுஷன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, விட்டு விட்டு மூன்று அடி அடித்தார்.

தோட்டத்தில் மூன்று அடி என்றால் சாவு.

வயதான அக்காமார்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் செய்தது போலவே, யாரைக் காணோம் என்று சுற்றிலும் தேடினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“உட்காருங்கக்கா, அவருக்கு என்னா தெரியும்லா,” என்றேன்.

யாரும் உட்காரவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வருஷா வருஷம் கொடி தைக்கும் அக்காவுடையது. தனிக்கட்டை. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டதாகக் காலையில் சொன்னார்.

அவர்கள் வாயை அடைக்கவே போன் போட்டேன். வெகுநேரம் மணி போனது. பிறகு பழக்கமில்லாத ஓர் ஆண்குரல் கேட்டது:

“அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”