அருந்ததி எந்தப் பக்கம்?

செய்தி காலை ஏழரைக்கு வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இருந்தேன். கூப்பிட்டது அக்காவின் கணவர் முருகன் மாமா. "உங்கக்கா போயிட்டாப்பா," என்றார். போனை வைக்கவில்லை. பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை இருவரும் காதில் வைத்தபடியே இருந்தோம்.

வளர்மதி அக்காவை உங்களில் பலருக்கு ஓர் இருட்டறையில்தான் தெரியும். சிதம்பரம் தெற்கு வீதிக் கண்ணாடிக் கடை. கனமான சோதனை ஃபிரேமை நம் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?" என்று கேட்கும் குரல். தயங்கினால் உடனே சொல்வார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இது பரிட்சை இல்ல. ஃபெயிலாக்க மாட்டேன்."

நான் அதே கடையில் லென்ஸ் வெட்டுபவன். ஆறு வருடம். எங்களுக்கு நடுவே ஒரு திரைச்சீலை.

அவர் கல்யாணக் கதையை மாமா சொல்லித்தான் கேட்டேன். கடலூரில் ஒரு மண்டபம். காலை பத்து மணி. அம்மி மிதித்து முடிந்ததும் ஐயர் இருவரையும் வாசலுக்கு அழைத்துவந்து வானத்தைக் காட்டினார். "அதோ அருந்ததி. தெரியறதோன்னோ?"

எல்லா மணமக்களும் தலையாட்டும் இடம் அது.

"தெரியல சாமி," என்றார் அக்கா.

மாமியாரின் முகம் மாறிவிட்டது. "ஒரு பேச்சுக்குத் தெரியுதுன்னு சொல்லேம்மா."

"வெயில் கொளுத்துது அத்தை. எப்படித் தெரியும்?"

ஐயர் சிரித்துவிட்டாராம். "நேக்கும்தான் தெரியலை. சாயங்காலமா பாத்துக்கோங்கோ."

சாயங்காலம் பார்த்தார்கள். மாமாவுக்கு வசிஷ்டர், அருந்ததி இரண்டு நட்சத்திரமும் ஒன்றாகவே தெரிந்தன. மறுவாரம் அவருக்குக் கண்ணாடி. "சீர் லிஸ்ட்டுல இல்லாத சாமான் இது ஒண்ணுதான்," என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

மூன்று வருடம் முன்பு, பங்குனிக் கடைசி. இரவு ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது. அக்காவும் நானும் கடை மொட்டைமாடிக்கு ஏறினோம். வடக்கே கோபுரம் கறுப்பாக நின்றது. அதற்கு வலப்புறம் ஏழு நட்சத்திரங்கள் எழுந்துகொண்டிருந்தன.

"நமக்கு ஏழு ரிஷி. வெள்ளைக்காரனுக்குப் பெருங்கரடி. கீழ தாழ்வா ஒரு குட்டிக்கரடியும் இருக்கு. அதோட வால் நுனிதான் துருவ நட்சத்திரம்."

"கரடி விடாதீங்கக்கா."

"நானா விட்டேன்? கரடிக்கு ஏதுடா இவ்ளோ நீள வால்? படம் போட்டவனுக்கு மொதல்ல பவர் பாக்கணும்." சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "அந்த வால்ல நடுவுல இருக்கு பாரு, அது வசிஷ்டர். ஒட்டினாப்ல சின்னதா அருந்ததி. தெரியுதா?"

தெரியவில்லை. வெளிச்சம் கசிந்த ஒரு கறை மட்டும்.

"தெரியுதே."

"எந்தப் பக்கம்?"

போனில் எப்போதோ பார்த்த படம் நினைவுக்கு வந்தது. "மேல."

"கீழ இருக்குடா," என்றார். "இது நம்ம கடை சார்ட்டு இல்ல, மனப்பாடம் பண்ண. இது சுத்தும். இப்ப கீழ. ஆடியில பாத்தா மேல."

கண் சோதிக்கும் அந்த எழுத்துச் சார்ட்டைத் தினமும் துடைப்பவன் நான். கடைசி வரி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எப்போது என்னைச் சோதித்தாலும் அப்படித்தான் சொன்னேன். லென்ஸ் வெட்டுபவனுக்கே கண் சரியில்லை என்றால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

"எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷம் இருக்கும்."

திட்டுவார் என்று நினைத்தேன். "பக்கத்துலயே உக்காந்துகிட்டு நானும் பாக்கலயே," என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். கருவிழியின் மேற்படலம் மெலிந்து கூம்பிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். அது மேலும் கூம்பாமல் நிறுத்தினார்கள். போனது முழுவதும் திரும்பவில்லை. கருவிழி மேலேயே வைக்கும் கெட்டி லென்ஸ் போட்டால் தெரிகிறது. வேலையும் போகவில்லை. "அவன் வெட்டுறத ஒருதரம் நான் பாத்துட்டு அனுப்புறேன்," என்று முதலாளியிடம் அக்காவே சொல்லியிருந்தார். பார்த்துத்தான் அனுப்பினார், ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை. அந்த மாடி இரவுக்குப் பிறகு இருட்டறையில் இரண்டு சார்ட்டுகள். எது எந்த நாளில் தொங்கும் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

கடைசியாகப் பார்த்தது இந்தச் சித்திரைத் தொடக்கத்தில், கடலூரில், அவர் வீட்டு மாடியில். நாற்காலியோடு தூக்கித்தான் மேலே கொண்டுவந்தோம். மிகவும் மெலிந்திருந்தார். குரல் மட்டும் பழையது.

"கைய நீட்டி முஷ்டிய மடக்கு. வானம் தரையத் தொடுற எடத்துலேர்ந்து ஒரு முஷ்டி, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். நம்மூருக்குத் துருவ நட்சத்திரம் அவ்ளோ உயரந்தான். கிடைச்சுதா? குட்டிக்கரடியில எத்தன தெரியுது?"

"மூணு."

"மீதி நாலு?"

"தெரியல."

"ஆங். தெரியலன்றது வேற, இல்லன்றது வேற."

மாமா எழுந்து கீழே போய்விட்டார்.

குமராட்சியில் எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். அக்கா இருக்கும்போதே பேசியது. முதல் நாளே அவளிடம் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள், "இப்ப நான் தெரியிறனா?" தெரிகிறீர்கள் என்றேன். "அப்புறம் என்ன?"

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே வார்த்தை. தெரியல. அதைச் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஏதாவது தெரியத் தொடங்கியிருக்கிறது.

இது வைகாசி. நேற்று மாலை கடை மாடியில் நின்றேன். வசிஷ்டருக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு சிறு புள்ளி. தனியாக.

கல்யாணம் ஆவணியில். காலையில் ஐயர் வானத்தைக் காட்டுவார். இருவரும் தெரியவில்லை என்றுதான் சொல்லப்போகிறோம். இருட்டியதும் மாடிக்குப் போவோம். அன்றைக்கு அது எந்தப் பக்கம் இருக்கும் என்று இப்போதே கணக்குப் போட்டுவிடலாம். போடவில்லை.

பார்த்துச் சொல்கிறேன், அக்கா.